கார்டு இல்லாமல் ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போகும் மேல்மலைக்காரர்கள் கவனத்துக்கு

செல்போன் செயலியை வைத்துக் கொடைக்கானல் ஏடிஎம்களில் பணம் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கணக்கில் 10,000 ரூபாய் கழிந்தது, மெஷினிலிருந்து ஒரு நோட்டுகூட வரவில்லை. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்களுக்குப் பூம்பாறைப் பக்கம் பூண்டு விவசாயம். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் சரக்கைப் போட்டால் வியாபாரி இப்போதெல்லாம் பணத்தைக் கணக்குக்கே அனுப்பிவிடுகிறார். ஆனால் பூண்டு பிடுங்க வருகிற அக்காமார்களுக்குக் கூலி கையில்தான் கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு அவர்கள் அந்தக் காசோடுதான் போவார்கள். சனிக்கிழமை கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதிக்குப் பணம் எடுக்கப் போனேன். கார்டின் சிப் தேய்ந்துபோய்ப் புது கார்டுக்கு எழுதிக் கொடுத்திருந்த நேரம் அது. மெஷின் திரையில் ‘யுபிஐ மூலம் பணம் எடுக்க’ என்று இருந்தது. சரி, இதுவும் நல்ல வசதிதான் என்று அதைத் தொட்டேன்.

தொகையைப் போட்டதும் திரையில் கியூஆர் வந்தது. செயலியில் ஸ்கேன் செய்து, கணக்கைத் தேர்ந்து, பின் நம்பர் போட்டேன். வெளியே மழையும் மஞ்சும். போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் பச்சை டிக் விழுந்தது, கணக்கில் 10,000 கழிந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்தது. மெஷினுக்குள் நோட்டு எண்ணும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று காட்டிவிட்டுப் பழைய விளம்பரத் திரைக்கே போய்விட்டது. துண்டுச் சீட்டும் வரவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கார்டு போட்டு எடுத்தால் மெஷினின் லைன் ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். இந்த முறையில் மெஷின் லைனும் வேண்டும், நம் போன் சிக்னலும் வேண்டும். நாம் போனில் பின் போட்டதும் வங்கி பணத்தைக் கழித்துவிடும். அந்தத் தகவல் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நோட்டு வெளியே வரும். நடுவில் எங்கே அறுந்தாலும் கழிந்த பணம் நமக்கும் இல்லாமல் மெஷினிலும் வராமல் அந்தரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் மேல்மலைச் சிக்னல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பணம் மாட்டியதைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. திங்கட்கிழமை, மெஷின் எந்த வங்கியுடையதோ அந்தக் கிளைக்குப் போனேன். “உங்க அக்கவுண்ட் எங்ககிட்ட இல்லையே சார், உங்க பேங்க்ல போய்க் கேளுங்க” என்றார்கள். என் வங்கிக்குப் போனால், “இது யுபிஐ சார், அந்த ஆப்லயே கம்ப்ளெயின்ட் போடுங்க” என்றார்கள். செயலியில் புகார் போட்டால், ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று தானாக ஒரு பதில் வந்து, புகாரே முடிந்ததாகக் காட்டியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். கூலிக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

இதில் பொறுப்பு யாருக்கு என்பதில் குழப்பமே கிடையாது. கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அந்த வங்கிதான் புகாரை வாங்கவேண்டும். மெஷின் யாருடையது, செயலி யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பணம் கழிந்து நோட்டு வராவிட்டால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகவே கணக்கில் திரும்பப் போடவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் நாம் கேட்காமலே போடவேண்டும் என்பதுதான் விதி.

என் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கினேன். முதலில் வந்த பதில், “பணம் வெளியே வந்ததாக சிஸ்டம் காட்டுகிறது”. அப்படியானால் மெஷினின் ஜர்னல் பதிவையும் கேமரா பதிவையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று திரும்ப எழுதினேன். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நோட்டு வெளியே போனதா இல்லையா என்று அந்த ஜர்னலில் பதிவு இருக்கும். வெளியே வராத பணம், மெஷினில் காசு நிரப்புகிறவர்கள் கணக்கு முடிக்கும்போது கூடுதலாக நிற்கும். மறைக்க முடியாது. இந்த இரண்டையும் கேட்ட பிறகுதான் அவர்கள் பேச்சு மாறியது. கெடு தாண்டித்தான் 10,000 ரூபாய் வந்து சேர்ந்தது. இழப்பீடு வரவில்லை.

கேட்டதற்கு, “அதெல்லாம் கார்டு போட்டு எடுக்கிறவங்களுக்குத்தான் சார்” என்று ஒரே போடாகப் போட்டார் அங்கிருந்த அலுவலர். இது தவறான தகவல். கார்டு இல்லாமல் எடுக்கும் முறையை எல்லா வங்கிகளுக்கும் விரித்து 2022 மே 19-இல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையிலேயே, அந்தக் கெடுவும் இழப்பீடும் இதற்கும் பொருந்தும் என்று இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அப்போதும் எழுத்தில் மறுப்புதான் கொடுத்தார்கள். அந்த மறுப்பை இணைத்து வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் போட்ட பிறகே இழப்பீடும் வந்தது. அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. வங்கி பதிலே சொல்லாவிட்டால் 30 நாள் கழித்துப் போடலாம். விவரம் கேட்க 14448.

நடுவில் இன்னொன்று நடந்தது, இதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. வங்கியின் சமூக ஊடகப் பக்கத்தில் என் குறையைப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே ஒரு செல்போன் எண்ணிலிருந்து அழைப்பு. நல்ல தமிழில், மரியாதையாக, “ஐயா, உங்க பத்தாயிரம் ரீஃபண்ட் ரெடியா இருக்கு. நான் சொல்ற ஆப்பை இறக்குங்க, யுபிஐ பின்னைப் போடுங்க, உடனே ஏறிடும்” என்றார்கள். அந்த ஆப் நம் போன் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டும் வகை. யுபிஐ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குப் போடுவது. உள்ளே வருகிற பணத்துக்கு அது தேவையே இல்லை. போனை வைத்துவிட்டேன். ஆனால் கூலிக்கு என்ன செய்வது என்று தவிக்கிற நேரத்தில் இப்படி ஒரு குரல் வந்தால் எத்தனை பேர் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற கூட்டம் அது. யாராவது இப்படிப் பணத்தை விட்டுவிட்டால் அன்றைக்கே, அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக் கணக்காகப் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம். உண்மையான கியூஆர், நாம் தொகை போட்ட பிறகு திரைக்குள்தான் வரும், ஒவ்வொரு முறையும் மாறும். மெஷின்மேல் காகிதத்தில் ஒட்டியிருப்பதையோ, பக்கத்தில் நிற்பவர் தன் போனில் நீட்டுவதையோ ஸ்கேன் செய்தால் பணம் வேறு யாருக்கோ போய்விடும். அங்கே ஒட்டியிருக்கும் ‘உதவி எண்’ எதையும் நம்பாதீர்கள். பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ அச்சிட்ட எண்ணுக்கே பேசுங்கள்.

பணம் மாட்டினால் அங்கேயே நின்று மெஷின் திரையையும், மெஷினில் எழுதியிருக்கும் ஏடிஎம் ஐடியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். நான் கொடுத்த புகார்க் கடிதத்தில் பெயர், கணக்கு விவரத்தை எடுத்துவிட்டு வெறும் படிவமாக வைத்திருக்கிறேன். இரண்டு சுற்றறிக்கைகளின் தேதியும் அதில் இருக்கிறது. மேல்மலையில் யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.