திருத்தக் குறிப்புகளை ஏற்றுமதி செய்யும் மென்பொருளுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பிடிஎஃப் மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியில்) நாம் இடும் திருத்தக் குறிப்புகளை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்துத் தரும் மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். அதன் விளைவாக ஒரு நூலின் 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) ஒன்றை மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று. மெய்ப்புத் திருத்துவோரும் சிறு பதிப்பகத்தாரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக, நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

காவிரிப் பாசனத்தின் வரலாறு பற்றிய நூல் அது. வரைபடங்களும் பழைய நிழற்படங்களும் நிறைந்திருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் முழு பிடிஎஃப்பையும் அனுப்பிக்கொண்டிருப்பது இயலாத காரியம். எக்ஸ்எஃப்டிஎஃப் என்ற கோப்பு வகை இத்தகைய வேலைக்குத்தான் இருக்கிறது. குறிப்புகளை மட்டும் எக்ஸ்எம்எல் என்ற, பெயரிட்டுத் தகவலை எழுதும் உரை வடிவின் வரிகளாக எடுத்துக்கொள்வதால் கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். பக்கம் அமைப்பவர் தம்மிடமுள்ள அதே பிடிஎஃப்பில் அதை ஏற்றினால், குறிகள் உரிய இடங்களில் வந்து அமர்ந்துவிடும். இதற்கு ஐஎஸ்ஓ 19444-1 என்ற பன்னாட்டுத் தரமும் 2019ஆம் ஆண்டுப் பதிப்பாக இருக்கிறது. விற்றவரிடம் இதைக் குறிப்பிட்டே கேட்டேன். "முழுசா சப்போர்ட் உண்டு சார், எந்த மென்பொருளிலும் திறக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்டினேன்.

அச்சாகி வந்த பாரத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "மேட்டூர் அணை 1925ஆம் ஆண்டு 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது." 1925 பணி தொடங்கிய ஆண்டு, ஆசிரியர் கைத்தவறுதலாக எழுதியிருந்த அதை அடித்துவிட்டு, முடிந்த ஆண்டான 1934ஐ நான் இட்டிருந்தேன். புதியது சேர்ந்திருந்தது, பழையது நீங்கவில்லை. அதே பாரத்தில் இன்னும் நான்கு இடங்களில் இதே கோளாறு. பக்கம் அமைத்த தம்பியை அழைத்துக் கடிந்துகொண்டேன். "அண்ணே, அடிச்ச குறியே வரலையே, சேர்க்கச் சொல்லித்தானே இருந்துச்சு" என்று சொல்லி, தன் திரையைப் படமெடுத்து அனுப்பினார். அவர் சொன்னது உண்மை. சேர்ப்புக் குறி மட்டும் இருந்தது. அதன்கீழ், எழுத்தே இல்லாத மறுமொழி ஒன்று வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறுதி மெய்ப்பை நான் வரிக்கு வரி ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுமையான மறுமொழி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விட மனமில்லை.

பிடிஎஃப்பில் ஒரு சொல்லை மாற்றும்போது நம் கண்ணுக்கு ஒரே குறியாகத் தெரிவது, உள்ளே இரண்டு குறிகள்: புதிய சொல்லைத் தாங்கும் சேர்ப்புக் குறி ஒன்று, பழைய சொல்லின்மேல் ஓடும் அடித்தல் கோடு மற்றொன்று. அடித்தல் கோட்டின் பதிவில், தான் எந்தச் சேர்ப்புக் குறியைச் சார்ந்தது என்பதும், அதனோடு தனக்கு உள்ள உறவு 'குழு' என்பதும் எழுதப்பட்டிருக்கும். உறவு குறிப்பிடப்படாவிட்டால் அதை 'மறுமொழி' என்றே கொள்ள வேண்டும் என்பது பிடிஎஃப் விதி. மறுமொழிகளைப் பக்கத்தின்மேல் தனியாக வரையக்கூடாது, உரையாடல் தொடரில் மட்டும் காட்ட வேண்டும் என்பதும் விதிதான். ஆகவே உறவைச் சொல்லும் அந்த ஒரு பண்பு (பதிவில் பெயரிட்டு எழுதப்படும் தகவல்) தொலைந்தால், அடித்தல் கோடு பக்கத்திலிருந்து மறைந்துவிடும்.

கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பார்த்தேன். உறவைச் சொல்லும் பண்பின் பெயர், தரத்தின்படி, 'ரிப்ளைடைப்'; அதில் 'டைப்' என்ற பகுதியின் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். இந்த மென்பொருளோ எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதியிருந்தது. எக்ஸ்எம்எல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதால், பெற்றுக்கொண்ட மென்பொருளுக்கு அப்படி ஒரு பண்பு இருந்ததாகவே தெரியவில்லை. குறிப்பை இட்டவரின் பெயரும் இவ்வாறே காணாமல் போயிருந்தது. தரப்படி அது 'டைட்டில்' என்ற பண்பில் இருக்க வேண்டும். பொருத்தமற்ற பெயர்தான், ஆனாலும் விதி அதுவே. இவர்கள் 'ஆத்தர்' என்று எழுதியிருந்ததால், ஆசிரியரின் குறிப்பு எது, என் குறிப்பு எது என்று பக்கம் அமைத்தவருக்குப் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

இரு பெயர்களையும் தேடி மாற்றிவிட்டு மறுபடியும் ஏற்றிப் பார்த்தபோது, அடித்தல் கோடுகள் அனைத்தும் உரிய இடங்களில் வந்து நின்றன. சில நிமிட வேலை. அதை விற்றவர்களுக்கு இரண்டு கோப்புகளோடு விளக்கி எழுதினேன். எங்கள் மென்பொருளில் எங்கள் கோப்பு சரியாகவே திறக்கிறது, தரத்திலேயே பெயர்கள் ஒரே சீராக இல்லை, ஆகவே பணம் திரும்பாது என்று பதில் வந்தது. பெயர்கள் சீராக இல்லை என்பது மெய்யே. எந்தக் குறியைச் சார்ந்தது என்று சொல்லும் 'இன்ரிப்ளைடு' முழுவதும் சிறிய எழுத்து. 'ரிப்ளைடைப்' நடுவில் பெரிய எழுத்து. உள்நிறத்தைச் சொல்லும் 'இன்டீரியர்-கலர்' இடையில் சிறுகோடு. சீராக இல்லாத பெயர்களை ஊகித்து எழுத முடியாது, எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். பிழையை மன்னிப்பதற்கு அது காரணமாகாது. தான் எழுதியதைத் தானே படித்துக்கொள்வதற்கு எவருக்கும் பரிமாற்றக் கோப்பு தேவையில்லை.

நீங்கள் இத்தகைய மென்பொருளை வாங்குவதாக இருந்தால், இலவசச் சோதனைக் காலத்திலேயே ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றிக் குறியிட்டு, ஏற்றுமதி செய்து, வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். வெறும் ஒட்டுக் குறிப்பை மட்டும் சோதித்து நிறைவடைய வேண்டாம். அது எல்லாவற்றிலும் சரியாகவே வரும், நானும் அதை மட்டுமே சோதித்திருந்தேன். பழைய சொல்லின்மேல் கோடு தெரிகிறதா, உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், குறிப்புகள் இட்ட மூல பிடிஎஃப்பை நூல் அச்சாகி வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

பாரத்தின் மறு அச்சுச் செலவில் பாதியைப் பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார், மீதியை நான் கொடுத்தேன். பக்கம் அமைத்த தம்பியிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். சந்தா முடிய இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. சென்ற வாரம் வந்த புதிய பதிப்பிலும் அந்த எழுத்து சிறியதாகவே இருக்கிறது.