ஸ்மியரா, குப்பியா? அரிய வகைக் கருப்பைவாய்ப் புற்றுநோயில் எது கைகொடுக்கும்

எங்கள் ஆய்வகம் கருப்பைவாய்ச் செல்களைப் பிரஷால் எடுத்துக் கண்ணாடியில் நேரடியாகத் தேய்க்கும் பாப் ஸ்மியரை விட்டுவிட்டு, அவற்றைத் திரவத்தில் போட்டுச் சேமிக்கும் குப்பிக்கு மாறிவிட்டது. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

செலவில் ஸ்மியர் ஜெயிக்கும். ரத்தமும் சளியும் மறைக்காமல் செல்களைக் காட்டுவதில் குப்பி ஜெயிக்கும். மேற்பரப்புத் தட்டைச் செல்களில் தோன்றும் வழக்கமான ஸ்குவாமஸ் வகை என்றால் பெரும்பாலும் இரண்டிலுமே பிடிபட்டுவிடும். அரிய வகை வரும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

ஹார்மோன் சுரக்கும் நரம்புசார் செல்களை ஒத்த சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் புற்றையே எடுத்துக்கொள்வோம். சின்னச் சின்னக் கறுத்த கருக்கள், சுற்றி சைட்டோபிளாசம் இருக்கிறதா என்றே சந்தேகம், பக்கத்துச் செல்லுக்கு ஏற்ப வளைந்து நெருக்கியடித்துக் கிடக்கும். அவசரத்தில் பார்த்தால் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) கூட்டம் என்று தள்ளிவிடத் தோன்றும். சரி, சந்தேகம் வந்துவிட்டது. இந்த வகைப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களைச் சாயத்தால் தேடும் மார்க்கர்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், ஐஎன்எஸ்எம்1 எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும். எதில் போடுவது?

ஸ்மியர் என்றால் மிச்சச் செல்கள் பிரஷோடு குப்பைக்குப் போயிருக்கும். இருக்கும் ஸ்லைடின் சாயத்தை எடுத்துவிட்டு மறுசாயம் போடலாம்தான். ஆனால் பல மார்க்கர்களுக்கு அது தாங்காது, முதலில் பார்த்த சாட்சியமும் போய்விடும். குப்பியில் ஒரு பங்குதான் ஸ்லைடுக்குப் போகிறது. மிச்சத்தைச் சுழற்றி, அடியில் படிவதை பாரஃபின் மெழுகில் பதித்தால் செல் பிளாக். அதிலிருந்து வெட்டு வெட்டாக எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மார்க்கர் போடலாம். எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) தொடர்பான புற்றுக்குத் துப்பாகும் பி16 மார்க்கரை மட்டும் போட்டு நிறுத்திவிடக் கூடாது. சிறுசெல் புற்றிலும் அது பெரும்பாலும் பாசிட்டிவ்தான்.

ஸ்மியருக்கும் ஒரு நியாயம் உண்டு. தேய்க்கும்போது நசுங்கிக் கோடாக இழுபடும் கருக்களே சிறுசெல்லுக்கு நல்ல துப்பு. குப்பியில் அது குறைந்துபோகும். அழுகிய திசுத்தூளும் பின்னணியில் பரவாமல் செல் கொத்துகளில் ஒட்டிக்கொள்ளும். கண் பழக நாளாகும். குப்பித் திரவம் பெரும்பாலும் ஆல்கஹால் சார்ந்தது என்பதால், ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவை கன்ட்ரோலாக (ஒப்பிடும் மாதிரியாக) வைத்து மார்க்கரை நம்புவதும் ஆபத்து.

இன்னொரு அரிய வகையான, இரைப்பைச் சுரப்பிகளை ஒத்த செல்கள் கொண்ட கருப்பைவாய்ச் சுரப்பிப் புற்றில், அதாவது இரைப்பை வகை அடினோகார்சினோமாவில், என் அனுபவம் குறைவு, பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில் இது எச்பிவி சாராதது. ஆகவே அதே குப்பியில் செய்த எச்பிவி சோதனை நெகட்டிவ் என்றதும் நிம்மதி அடைந்துவிட முடியாது. பாப் சாயத்தில் பொன்மஞ்சள் சளி தெரிந்தால் நான் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்பேன்.

முடிவு சொல்ல பயாப்சி வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இரைப்பை வகை ஆழத்தில் வளரும், மேலோட்டமாக எடுத்த துண்டில் சிக்காமல் போகலாம். சிறுசெல் திசுவோ இடுக்கியிலேயே நசுங்கிவிடும். அப்படி நசுங்கி வந்த ஒரு துண்டில் எதுவும் சொல்ல முடியாமல் தவித்தபோது, அலமாரியில் இருந்த குப்பியின் செல் பிளாக்கில்தான் சினாப்டோஃபைசின் பளிச்சென்று பிடித்தது. அதிலிருந்து, சந்தேகக் குப்பி எதையும் பயாப்சி ரிப்போர்ட் கையெழுத்தாகும்வரை நாங்கள் கொட்டுவதில்லை.