கொல்லிமலையில் ‘காலி ரோடு’ விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

‘வண்டியே வராத காட்டு ரோட்டில் சைக்கிள் பயணம், கொல்லிமலை, 70 வளைவுகள்’ என்று ஒரு போஸ்டர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆளுக்கு 7,500 ரூபாய். நானும் என் அக்கா மகனும் பணம் கட்டி, 2025 ஆகஸ்ட் 3ஆம் தேதி போய்ப் பட்டுவிட்டு வந்தோம். உங்கள் குழுவுக்கும் அந்தப் போஸ்டர் வந்திருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் திருச்சிக்காரன், வயது 46. காலையில் கல்லணை வரை சைக்கிளில் போய் வருவது வழக்கம். முழுக்கச் சமதளம். மலை ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே சோளக்காடு, செம்மேடு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏற்றத்துக்கு நான் பயப்படவில்லை, மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். பயமெல்லாம் வண்டிகளைப் பற்றித்தான். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பஸ் திரும்ப வேண்டுமானால் முழு ரோடும் அதற்கு வேண்டும். சைக்கிள்காரன் எங்கே ஒதுங்குவான்? அதனால்தான் ‘வண்டியே வராது’ என்ற வார்த்தையில் விழுந்தேன்.

ஏற்பாட்டாளரிடம் போனில் கேட்டேன். “ரோட்டில் வண்டி வராதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“போலீஸ் பர்மிஷன் வாங்கியிருக்கோம் ப்ரோ. காலைல ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் ரோடு நமக்கு மட்டும்தான்.”

“லெட்டர் அனுப்புறீங்களா?”

“ஸ்பாட்ல காட்டுறேன் ப்ரோ.”

இந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இரண்டு பேருக்கு 15,000 ரூபாயை அவருடைய சொந்த யுபிஐ கணக்குக்கு அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. வாடகை ரோடு பைக், சப்போர்ட் வண்டி, முதல் நாள் இரவு டென்ட், மேலே மதியச் சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமாம். (டென்ட்டுக்குப் பதில் ஒரு மண்டபத்துத் தரையில் படுத்தோம். அது போகட்டும்.)

தேதியைக் கேட்டதும் என் மனைவி சொன்னாள், “ஆடிப்பெருக்கு அன்னைக்கா போறீங்க?” கூட்டமெல்லாம் காவிரிக் கரையில் அம்மா மண்டபத்தில்தானே இருக்கும், மலையில் என்ன வேலை என்று பெரிய அறிவாளி மாதிரி பதில் சொன்னேன். ஆடி 17, 18இல்தான் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அரசே நடத்துகிற விழா. அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் அந்த இரண்டு நாளும் ஊர் ஊராக ஜனம் வரும். அந்த வருடம் ஆடி 18 ஞாயிற்றுக்கிழமையில் வேறு விழுந்திருந்தது. வருடத்திலேயே வண்டி அதிகமாக ஏறுகிற நாளைப் பார்த்து ‘காலி ரோடு’ என்று விற்றிருக்கிறார் மனிதர்.

காலை ஆறு மணிக்குக் காரவள்ளியில் நாங்கள் 14 பேர் நின்றோம். முன்னாலும் பின்னாலும் வேன், கார், மூன்று பேர் உட்கார்ந்த பைக்குகள். சோதனைச் சாவடியில் இருந்தவரிடம், ரோடு மூடுவதாகச் சொன்னார்களே என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னிக்கா?” என்று மட்டும் கேட்டார். லெட்டர் எங்கே என்று ஏற்பாட்டாளரைத் தேடினால், சப்போர்ட் வண்டியோடு முன்னாலேயே மேலே போய்விட்டாராம்.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். காசு போட்டாச்சே என்ற எண்ணம்தான் மனிதனை ஏற வைக்கிறது.

வாடகை சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் வெறும் 25 பல். பின்னால் பல் கூடினால்தான் ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும். கல்லணை ரோட்டுக்கு அது போதும். மலைக்கு 32, 34 பல் இருந்தால்தான் என் வயதுக் கால்கள் சுற்றும். பத்தாவது வளைவுக்குள் தொடை இறுகிவிட்டது. வளைவுக்கு வளைவு ஹாரன், டீசல் புகை, ஜன்னல் வழியாக “அண்ணா, டபுள்ஸ் வரவா?” என்று பையன்களின் கேலி. பாதி வளைவுகளைத் தள்ளிக்கொண்டேதான் கடந்தேன். ஆனாலும் ஏறிவிட்டோம். சோளக்காட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தபோது, கடைக்கார அம்மா “ஏன் தம்பி, ஓரி விழாவன்னிக்கு யாராச்சும் சைக்கிள்ல வருவாங்களா?” என்று சிரித்தார். அன்று எங்களுக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். இறங்கும்போது நடந்ததை மன்னிக்க முடியவில்லை.

ஒயர் இழுக்கிற டிஸ்க் பிரேக் அது. இந்த வகையில் பிரேக் கட்டை தேயத் தேயப் பிரேக் கைப்பிடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நாமாகத்தான் திருகி இறுக்க வேண்டும். இறங்க ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வளைவுகளிலேயே முன் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொட்டது. கருகல் வாடை. அப்புறம் கீச்சென்று இரும்பு இரும்பை உரசும் சத்தம். 52ஆவது வளைவில் ஒரு அரசு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தி, காலைத் தரையில் தேய்த்து, வளைவின் உள்பக்கக் கல் கட்டையில் மோதி நின்றேன். பஸ் டிரைவர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டித் திட்டினார். நியாயமான திட்டுதான்.

அக்கா மகன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். “மாமா, இங்க பாருங்க.” பிரேக் கட்டையில் கட்டையே இல்லை. பின்னால் இருக்கும் இரும்புத் தகடு மட்டும் மினுமினுவென்று இருந்தது. டிஸ்க்கில் கிராமபோன் தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கோடு. ஒரு மலைப் பயணத்தில் தேய்ந்த தேய்மானம் இல்லை அது. எங்களிடம் கொடுக்கும்போதே அந்தக் கட்டை முடிந்துபோயிருந்தது. கிளம்பும் முன் சக்கரத்தை ஒரு நிமிடம் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் சொந்த சைக்கிள் என்றால் பார்த்திருப்பேன்.

சப்போர்ட் வண்டிக்குப் போன் போட்டால் சிக்னல் வந்து வந்து போனது. கிடைத்த ஒருமுறையும் எடுக்கவில்லை. அன்னாசி ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு குட்டி யானைக்காரர்தான் சைக்கிளோடு எங்களைப் பழத்தின் மேலேயே ஏற்றிக்கொண்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. டீயாவது குடிக்கச் சொல்லி அடிவாரத்தில் பிடித்து வைத்தோம்.

மறுநாள் பணத்தைக் கேட்டேன். “திருவிழா எங்க கையில இல்ல ப்ரோ. நீங்கதான் முடிக்காம வண்டில ஏறிட்டீங்க.” அதற்குமேல் பதில் இல்லை, என் நம்பரைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போஸ்டர், யுபிஐ ரசீது, ‘ரோடு நமக்கு மட்டும்தான்’ என்று அவர் பிறகு அனுப்பிய குரல் செய்தி, தேய்ந்த கட்டையின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். கூட வந்தவர்களில் யாராவது இதைப் படித்தால் உங்கள் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். சேர்ந்தே போடலாம்.

கொல்லிமலையைக் குறை சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் சொந்த சைக்கிள்களைக் காரில் கட்டிக்கொண்டு போனோம். என் சைக்கிளில் 34 பல் போட்டிருந்தேன், பிரேக் கட்டை புதுசு. விடிந்ததும் ஏறத் தொடங்கி முப்பதாவது வளைவு வரை எங்களைத் தாண்டியது ஒரு பால் வண்டி, ஒரு பஸ், இரண்டு பைக். மற்றபடி குரங்குகளும், காட்டுக்குள் எங்கேயோ தண்ணீர் விழும் சத்தமும், சங்கிலி ஓடும் சத்தமும்தான். அனுமதியும் இல்லை, 7,500 ரூபாயும் இல்லை. வார நாள், விடியற்காலை, பண்டிகை இல்லாத தேதி, அவ்வளவுதான்.

அன்று ஒவ்வொரு வளைவிலும் நின்று பலகையைப் படம் எடுத்துக்கொண்டே வந்தான் அக்கா மகன். 1/70, 2/70 என்று எண் போட்டிருக்கும். திடீரென்று போனில் பழைய போஸ்டரைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினான். அந்த அழகான காலி ரோட்டின் ஓரத்தில் ஒரு பலகை, அதில் 13/40. நாற்பது வளைவு வால்பாறை ரோட்டில்தான். படம்கூட இந்த மலையுடையது இல்லை.

இப்போது ஆயுத பூஜை விடுமுறைக்கு அவர் புதுப் போஸ்டர் போட்டிருக்கிறார். கட்டணம் 8,500. படம் அதே படம்தான், ஓரத்தில் பலகை இருந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டார்.