மலிவு ரேடியேற்றர் வன்னி வெயிலுக்குத் தாங்குதா? நெடுநாள் பாவிச்ச அனுபவம்

என்ர காரின்ர இஞ்சினைக் குளிர வைக்கிற பழைய ரேடியேற்றரின்ர மேல் பிளாஸ்ரிக் தொட்டி வெடிச்சுப்போச்சு, வயசு போன கார் எண்டா அது வாறதுதான். வவுனியாவில ஒறிஜினலுக்குச் சொன்ன விலையைக் கேட்டிட்டு, அதில பாதியும் வராத அலுமினியம் ஒண்டு வாங்கிப் போட்டன். ரெண்டு காலபோக நெல்லு வெட்டு தாண்டிட்டுது, இன்னும் ஒழுகேல்லை.

கூலிங் எப்பிடி எண்டு கேட்டா எங்கட பக்கம் எல்லாரும் சொல்லுற ரெஸ்ற் ஒண்டுதான், மாங்குளத்தால முல்லைத்தீவு போய் வா, சூடேறாட்டி ஓகே. அது ரெஸ்றே இல்லை. 70, 80 கிலோமீற்றர் வேகத்தில ஓடேக்க காத்து தானா அடிக்குது, இஞ்சினில இருந்து ரேடியேற்றருக்குத் தண்ணி விடுற வால்வு, தெர்மோஸ்ராற், 82 பாகை மட்டில திறக்கத் தொடங்கி சூட்டை ஒரு அளவில பிடிச்சு வைச்சிருக்கும், அதால ரேடியேற்றர் கொஞ்சம் அடைஞ்சு கிடந்தாலும் 88, 90 எண்டுதான் காட்டும். தெர்மோஸ்ராற் முழுசாத் திறந்தாப் பிறகுதான் ரேடியேற்றரின்ர வண்டவாளம் தெரியும். அதுக்கு வாகனம் நிக்கோணும், மத்தியான வெயில், ஏசி முழுசா, ரயில் கேற் பூட்டிக் கிடக்கிற நேரம் மாதிரி.

டாஷ்போர்ட்டை நம்பாதேங்கோ. என்ர காரில சூடு காட்டுற ஊசியே இல்லை, நீல லைற்றும் சிவப்பு லைற்றும்தான், சிவப்பு எரிஞ்சா விஷயம் முடிஞ்சுது. ஊசி இருக்கிற கனக்க கார்களிலயும் 80 பாகை எண்டாலும் 100 எண்டாலும் அது நடுவிலேயே நிக்கும். காரின்ர கொம்பியூட்டரில இருந்து கணக்கை எடுக்கிற புளூடூத் ஓபிடி ஒண்டு செருகி போனிலதான் நான் பாக்கிறது. வெளிச்சூட்டையும் சேத்து எழுதோணும், மார்கழி மழைக்கை 27 பாகையில எடுத்த கணக்கையும் ஆவணியில 35ல எடுத்ததையும் அப்பிடியே பக்கத்தில வைச்சா கதை பிழைக்கும், வெளிச்சூட்டைக் கழிச்சுப்போட்டுத்தான் ஒப்பிடோணும்.

ஓட்டத்தில பழசுக்கும் புதுசுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நிக்கேக்கதான் தெரியுது, பழசில 97 மட்டில ஃபான் போட்டு கெதியா 92க்கு இறங்கும், இதில 99 வரைக்கும் ஏறி ஃபான் விடாமல் ஓடி ஆறுதலாத்தான் இறங்குது. கோர், அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி, மெல்லிசு, பக்கத்தில வைச்சுப் பாத்தாலே விளங்கும். பரந்தன், புதுக்குடியிருப்பு ஓட்டத்துக்கு இது தாராளமாக் காணும், கொழும்பு ட்ராபிக்குக்கை ஏசியோட நிக்கிற ஆக்கள் காசைப் பாக்காமல் ஒறிஜினலைப் போடுங்கோ.

இதோட வந்த மூடி 0.9 பார் அமுக்கம் வரைக்கும்தான் பிடிக்கும், பழசில இருந்தது 1.1. அதை மாத்திப்போட்டன், சின்ன விஷயம் எண்டு விடாதேங்கோ, வெறும் தண்ணி 100ல கொதிக்கும், 1.1 மூடி பிடிச்சுக்கொண்டு நிண்டா 120 தாண்டித்தான் கொதிக்கும். எங்கட கிணத்துத் தண்ணியை மட்டும் உள்ளுக்கை ஊத்தாதேங்கோ ப்ளீஸ், கேத்திலுக்கை படியிற அந்த வெள்ளைதான் ரேடியேற்றருக்கையும் படியும்.

சொல்லப்போனா இஞ்ச கூலிங்கைக் கெடுக்கிறது ரேடியேற்றரை விட நெல்லுத்தான். வெட்டு நேரம் றோட்டுக் கரை முழுக்க நெல்லுக் காயுது, சப்பி நெல்லும் தூசும் பறந்து, முன்னால இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் அதுக்குப் பின்னால இருக்கிற ரேடியேற்றருக்கும் நடுவில போய் அடையும், இரவில குளத்துப் பக்கம் போனா பூச்சி வேற. முன்னால நிண்டு பாத்தா கிளீனாத்தான் தெரியும். போன வெட்டு முடியக் கழட்டிக் கழுவினாப் பிறகு நிக்கிற சூடு 2, 3 பாகை குறைஞ்சுது. இஞ்சின் பக்கத்தால முன்னுக்கு, மெல்லிசாத் தண்ணி அடியுங்கோ, சேர்விஸ் ஸ்ரேசன் கன்னைக் கிட்டப் பிடிச்சா ஃபின் எண்ட மெல்லிய தகடெல்லாம் மடிஞ்சுபோம்.