இசை சிகிச்சையாளர் ஆக: அமெரிக்க வழியா, பிரிட்டன் வழியா?

அமெரிக்காவிலும் சரி, பிரிட்டனிலும் சரி, இசை சிகிச்சையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள். மற்றவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் ‘ஆர்வம் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். நுழைவு விதிகளைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது.

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டமே போதும். கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் முதலில் இசைக் கல்லூரியின் ஆடிஷனை, அதாவது வாசித்துக் காட்டும் நுழைவுத் தேர்வைத் தாண்ட வேண்டும். அங்கே பெரும்பாலும் எதிர்பார்ப்பது மேற்கத்திய செவ்வியல் இசை, ஸ்கேல் எனப்படும் ஸ்வர வரிசைகள், இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது. சின்ன வயதிலிருந்தே தனி ஆசிரியரிடம் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் பழகிய விஷயம். கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் கேள்வி ஞானத்தில் பியானோ பழகியவரோ, பாடுகிறவர் எந்த சுருதிக்குத் தாவினாலும் கூடவே போவார். இசைக்குறிப்புத் தாளை முன்னால் வைத்தால் தடுமாறலாம். வேடிக்கை என்னவென்றால், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் தேவைப்படுவது அந்தத் தேவாலயப் பியானோக்காரரின் கைதான். சுருதி மாற்றி வாசிப்பதும் மனோதர்மமும் (முன்னேற்பாடில்லாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதும்) அமெரிக்க இசை சிகிச்சைச் சங்கத்தின் தகுதிப் பட்டியலிலேயே இருக்கின்றன!

அப்புறம் இன்டர்ன்ஷிப். மொத்தம் 1200 மணி நேரப் பயிற்சியில் குறைந்தது 900 மணி நேரம் இதற்கே. வாரம் 40 மணி நேரம் என்றாலும் ஐந்து மாதத்துக்கு மேல், பல இடங்களில் சம்பளமே இல்லாமல். வெளியூரில் இடம் கிடைத்தால் வாடகை வேறு. வீட்டிலிருந்து பணம் வராதவர்கள் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

பிரிட்டனில் முதுகலை கட்டாயம், முழுநேரமாகப் படித்தால் பொதுவாக இரண்டு வருடம். பிரிட்டன் இசை சிகிச்சையின் முன்னோடி ஜூலியட் ஆல்வின் 1968-ல் லண்டனின் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் பயிற்சியைத் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே மனோதர்மத்துக்குத் தனி மதிப்பு. இளங்கலையிலும் இசைதான் படித்திருக்க வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளும் கேட்பதில்லை. ஜாஸ் வாசிப்பவரும் முயன்று பார்க்கலாம். ஆனால் செலவு கடுமை. இரண்டாவது பட்டத்துக்கான கட்டணம், சம்பளமில்லாத களப்பயிற்சி. போதாக்குறைக்கு, படிக்கும்போதே மாணவரும் ஒரு சிகிச்சையாளரிடம் அமர்வுகளுக்குப் போக வேண்டும். அந்தக் கட்டணமும் பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது.

என்னைக் கேட்டால், பிரிட்டன் வழியைச் சரிசெய்வதுதான் எளிது. பணத்தடையை உதவித்தொகையால் நீக்கலாம். அமெரிக்க வழியிலோ, சின்ன வயதில் கிடைக்காத பியானோ வகுப்பைப் பதினெட்டு வயதில் எதைக் கொடுத்து ஈடுகட்டுவது? அமெரிக்கக் கல்லூரிகள் ஆடிஷனில் கேள்வி ஞானத்துக்கும் மதிப்பெண் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். உதவித்தொகையும் படிப்புக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், சம்பளமில்லாத அந்த மாதங்களின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வர வேண்டும்.