பேனலை நகலெடுத்த படமும் பக்கத்தைப் புரிந்துகொண்ட படமும்

காமிக்ஸ் சேகரிப்பவர்கள் புதுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கூடினால் முதலில் வரும் பேச்சு அநேகமாக இதுதான்: “அந்தப் பேனலை அப்படியே எடுத்திருக்காங்க, பார்த்தீங்களா?” பேனல் என்றால் காமிக்ஸ் பக்கத்தின் ஒரு கட்டம். அந்தச் சிலிர்ப்பு எனக்கும் உண்டு. உறை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கும் இதழிலிருந்து ஒரு சித்திரம் திரையில் உயிர்பெற்று அசைவதைப் பார்ப்பது சாதாரண சந்தோஷமில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு தழுவலை நல்லது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கம் வாசகனை என்ன பாடு படுத்தியது, அதே வேலையைத் திரையும் செய்ததா என்றுதான் நான் பார்ப்பேன். ஒரே மூலக்கதையிலிருந்து வந்த வெவ்வேறு தழுவல்களை அருகருகே வைத்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கதை முடிவுகளையும் பேசியாக வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாட்ச்மென்: படமா, தொடரா?

முகமூடி போட்டுக் குற்றவாளிகளைத் துரத்தும் மனிதர்களின் கதையாக ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் 1986-87ல் 12 இதழ்களாக வந்தது. ஸாக் ஸ்னைடர் அதை 2009ல் படமாக்கினார். 2019ல் டேமன் லிண்டலோஃப் எச்.பி.ஓ.வுக்காக 9 எபிசோட்களில் ஒரு தொடர் எடுத்தார். படம் காமிக்ஸின் கதையையே சொல்கிறது. தொடர் அந்தக் கதை முடிந்து முப்பத்துச் சொச்சம் வருடங்கள் கழித்து நடக்கிறது. மூலத்துக்கு விசுவாசம் என்று பார்த்தால் படம்தான் ஜெயிக்க வேண்டும். என் கணக்கில் தொடர் ஜெயிக்கிறது, அதுவும் நல்ல வித்தியாசத்தில்.

படத்தில் உழைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தத் துளி விழுந்த மஞ்சள் பேட்ஜ், ரோர்ஷாக்கின் முகமூடியில் ஊர்ந்து உருமாறும் கறுப்புத் திட்டுகள், செவ்வாய் கிரகத்தில் எழும் கண்ணாடி மாளிகை எல்லாமே காமிக்ஸை நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவர் எடுத்தவை. அப்புறம் எங்கே இடறுகிறது? முதலில் வன்முறையில். காமிக்ஸில் காமெடியன் என்ற முகமூடி மனிதன் கொலையாவதை ஒரே மூச்சில் நாம் பார்ப்பதில்லை. போலீஸார் இருவர் அந்த அறையில் நின்று பேசிக்கொண்டிருக்க, நடுநடுவே சிவப்பு படிந்த கட்டங்களில் துண்டு துண்டாக அது வந்துபோகும். படத்தில் அதே கொலை நீளமான சண்டைக் காட்சியாகிவிடுகிறது. முகமூடி போட்டுக்கொண்டு ஆட்களை அடிக்கக் கிளம்புகிறவர்களின் மனசு எப்படிப்பட்டது என்று மூர் கேட்டார். அடி எவ்வளவு அழகாக விழுகிறது பாருங்கள் என்று படம் காட்டுகிறது.

காமிக்ஸின் க்ளைமாக்ஸில் நகரத்தை அழிக்கும் ராட்சத ஜந்து படத்தில் இல்லை என்பதற்காகத்தான் ரசிகர்கள் அதிகம் சண்டை போட்டார்கள். ஜந்துவை எடுத்துவிட்டுப் பழியை, நேற்றையும் நாளையையும் ஒரே நேரத்தில் உணரும் அதிசய சக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் மேல் போட்டது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆறாத விஷயம் வேறு. 12வது இதழைத் திறந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற தாளத்துக்குப் பழகிப்போன கண் முன்னால், திடீரென்று ஆறு முழுப்பக்கச் சித்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு பேச்சு பலூன்கூட இல்லை. தெரு முழுக்கப் பிணங்கள். அந்தத் தெருமுனை நமக்கு ஏற்கெனவே நெருக்கமான இடம். அங்கே பேப்பர் விற்பவரும், அவர் கடையோரம் உட்கார்ந்து கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கும் பையனும் இதழுக்கு இதழ் வந்துபோனவர்கள். 11வது இதழின் கடைசியில் அவர் அந்தப் பையனை அணைத்துக்கொள்ள, இருவரும் வெள்ளை ஒளியில் கரைந்துபோகிறார்கள். திரையரங்குக்கு வந்த பதிப்பில் இவர்களுக்கு இடமே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் இடம். நகரம் ஒளியில் சிதறுகிறது, பெரும் பள்ளம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். பின்னால் வந்த 215 நிமிடப் பதிப்பில் அவர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. ஆனாலும் அந்த ஆறு பக்கங்கள் கொடுத்த அடி அதிலும் இல்லை.

படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால், பெயர்கள் ஓடும் அந்த ஆரம்பக் காட்சிதான். 1940களிலிருந்து முகமூடி மனிதர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும், கிட்டத்தட்ட அசையாத புகைப்படங்களாக நகர்ந்துபோகின்றன. காமிக்ஸில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. நினைவுக் குறிப்புகளிலும் பழைய படங்களிலும் சிதறிக் கிடந்த வரலாற்றைச் சேர்த்து ஸ்னைடர் தானாகவே உருவாக்கியது. நகலெடுப்பதை அவர் நிறுத்திய இடத்தில்தான் படம் மூச்சுவிடுகிறது.

தொடருக்கு வருவோம். 1921ல் டல்சாவில் கறுப்பினத்தவர் மீது நடந்த படுகொலையோடு அது தொடங்குகிறது. காமிக்ஸில் அந்த ஊருக்கோ சம்பவத்துக்கோ இடமில்லை. ஆனால் லிண்டலோஃப் இதழ்களை வரி விடாமல் படித்தவர் என்பது ஆறாவது எபிசோடில் தெரிந்துவிடும். காமிக்ஸில் ஹூடட் ஜஸ்டிஸ் என்று ஒரு பாத்திரம்: முகத்தை மூடிய துணி, கழுத்தில் தூக்குக் கயிறு. முகமூடி மனிதர்களில் முதல் ஆள். அவன் யார் என்று மூர் உறுதியாகச் சொல்லவேயில்லை. அப்படியொரு கயிற்றை ஒருவன் எதற்காகத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வான் என்று தொடர் கேட்கிறது. வெள்ளைக்காரப் போலீஸ்காரர்களால் மரத்தில் தொங்கவிடப்பட்டு, சாகும் முன் இறக்கிவிடப்பட்ட ஒரு கறுப்பினப் போலீஸ்காரன் என்று பதிலும் சொல்கிறது. இதைப் பார்த்த பிறகு பழைய இதழ்களைப் புரட்டினால், கிப்பன்ஸ் வரைந்ததில் ஒரு கோடும் மாறியிருக்காது. அந்தக் கயிறு மட்டும் வேறு கயிறாகத் தெரியும். ஒரு தழுவல் மூலத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு நெருடல் உண்டு. முதல் இதழ்களின் பின்பக்க உரைநடைப் பகுதியில், ஹூடட் ஜஸ்டிஸ் ஹிட்லரின் ஆட்சியை வெளிப்படையாக ஆதரித்துப் பேசியவன் என்று ஒரு குறிப்பு வரும். தொடர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசி எபிசோடும் அவசர அவசரமாக முடிச்சுகளை அவிழ்க்கிறது. சரி, குறைதான்.

ஆனால் காலத்தைக் கையாண்ட விதத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். 4வது இதழில் மன்ஹாட்டன் செவ்வாயில் நிற்கிறான், கையில் ஒரு புகைப்படம். இன்னும் 12 விநாடியில் இதை மணலில் போட்டுவிடுவேன், அது ஏற்கெனவே அங்கே கிடக்கிறது என்கிறான். அடுத்தடுத்த கட்டங்களில் புகைப்படம் கையிலும் இருக்கிறது, மணலிலும் கிடக்கிறது. காமிக்ஸ் பக்கத்தில் நேற்றும் நாளையும் ஒரே பார்வையில் அடங்கும் என்பதால்தான் இது பலிக்கிறது. படம் இந்தப் பகுதியை அழகான இசையோடும் பின்னணிக் குரலோடும் நேர்த்தியாகவே எடுத்திருக்கிறது. தொடரோ எட்டாவது எபிசோடில் திரைக்கே உரிய வழியைக் கண்டுபிடித்தது. 2019ல் தொடரின் நாயகி ஏஞ்சலா மன்ஹாட்டனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். பத்து வருடம் முன்னால் அவளுடைய தாத்தாவோடு அதே கணத்தில் பேசிக்கொண்டிருக்கும் மன்ஹாட்டன், அந்தக் கேள்வியை அப்படியே அவரிடம் கேட்கிறான். “யார் அது?” என்கிறார் அவர். கதையில் நடந்த கொலைக்கு விதை அந்தக் கேள்வியே என்பது ஏஞ்சலாவுக்குப் புரியும் நொடியில் பார்ப்பவருக்கும் தலை சுற்றும். புகைப்படம் அங்கே இல்லை, மணலும் இல்லை. 4வது இதழைப் படித்தபோது வந்த அதே கிறுகிறுப்பு மட்டும் இருந்தது.

பேனலை நகலெடுத்தால் எப்போதும் தோல்விதானா? இல்லை. 2005ல் ராபர்ட் ரோட்ரிகஸ் ‘சின் சிட்டி’யை அச்சு அசலாக எடுத்தார், அதை உருவாக்கிய ஃபிராங்க் மில்லரையே இணை இயக்குநராகவும் வைத்துக்கொண்டார். மில்லரின் பெயரைப் போட முடியவில்லை என்றதும் இயக்குநர்கள் சங்கத்திலிருந்தே விலகினார். அந்தப் படம் வேலை செய்தது. மில்லரின் பக்கங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மோதும் பெரிய உருவங்களால் ஆனவை. ஒவ்வொன்றும் தனியே நின்றாலும் அடிக்கும். வாட்ச்மென்னில் ஒரு கட்டத்தைப் பிய்த்து எடுத்தால் பக்கத்திலிருக்கும் எட்டோடு அதற்கிருந்த உறவு அறுந்துவிடும். எதை நகலெடுக்கலாம் என்பது மூலத்தைப் பொறுத்தது.

ட்யூன்: லிஞ்சா, வில்நெவா?

இது காமிக்ஸ் இல்லை, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 நாவல். ஆனால் என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஹெர்பர்ட் பாத்திரங்களின் மனசுக்குள் ஓடுவதையெல்லாம் எழுதுவார். ஒரே காட்சியில் மூன்று பேரின் எண்ணம் வரும். டேவிட் லிஞ்ச் 1984ல் அதை விடாமல் கிசுகிசுப்புக் குரலாகப் படத்தில் ஒலிக்கவிட்டார். டெனி வில்நெவ் 2021லும் 2024லும் எடுத்த இரண்டு பாகங்களில் அந்தக் குரல்களை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிட்டார். எண்ணத்தை முகத்துக்கும் கைச்சைகைக்கும் கொண்டுவந்தார். அப்படியானால் லிஞ்ச்தானே நாவலுக்கு நெருக்கம்?

கடைசிக் காட்சியைப் பாருங்கள். லிஞ்ச் படத்தில் நாயகன் பால் தீர்க்கதரிசனம் சொன்ன இரட்சகனாகவே உண்மையில் ஆகிவிடுகிறான், கதை நடக்கும் அராக்கிஸ் கோளில் மழை கொட்டுகிறது. பாலைவனக் கோளில் மழை பெய்தால் மணற்புழுக்கள் கதி என்ன, அங்கே மட்டும் கிடைக்கும் ஸ்பைஸ் என்ற அரிய பொருளின் கதி என்ன என்று நாவலைப் படித்த யாருக்கும் கேட்கத் தோன்றும். அதைவிட முக்கியம், இரட்சகனை நம்பி மொத்தமாகத் தலைகொடுக்கும் மக்களைப் பற்றிய எச்சரிக்கையாக ஹெர்பர்ட் எழுதிய கதை அங்கே இரட்சகனின் வெற்றிக்கதையாகிவிடுகிறது. வில்நெவ் பாலின் காதலி சானியை மாற்றினார். நாவலில் பால் அரசியலுக்காக இளவரசியை மணப்பதை சானி ஏற்றுக்கொண்டு கூடவே நிற்கிறாள். படத்தில் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தத் தீர்க்கதரிசனத்தில் நம்பிக்கையில்லை. எல்லோரும் மண்டியிடும்போது அவள் வெளியே நடக்கிறாள், தனியாகப் பாலைவனத்தில் நின்று புழுவைக் கூப்பிடுகிறாள். நாவலில் அப்படி ஒரு வரி இல்லை. ஹெர்பர்ட் அடுத்த நாவலில் அழுத்திச் சொன்னதை வில்நெவ் ஒரு பெண்ணின் முகத்திலேயே சொல்லிவிட்டார்.

லிஞ்ச் படத்தை ஒதுக்கிவிடவும் எனக்கு மனசில்லை. தொட்டிக்குள் மிதந்தபடி விண்கலங்களை வழிநடத்தும் அந்தக் கில்ட் நேவிகேட்டர், பொன்னும் பாசியும் கலந்தது போன்ற அரண்மனைகள் என்று வேற்றுலகத்தின் விநோதம் அதில் நிரம்பி வழிகிறது. வில்நெவின் கான்கிரீட் நிறத்துக்கு அந்தப் பைத்தியக்கார அழகு கிடையாது. இரண்டு படங்களுமே நாவலின் விருந்துக் காட்சியை வெட்டிவிட்டன. அந்த ஒரு விஷயத்தில் இரண்டின் மேலும் எனக்குக் கோபம்.

ஜட்ஜ் ட்ரெட்

ஜான் வாக்னரும் கார்லோஸ் எஸ்கேராவும் 1977ல் உருவாக்கிய, எதிர்கால நகரத்தில் போலீஸாகவும் நீதிபதியாகவும் இருக்கும் காமிக்ஸ் நாயகன் ட்ரெட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: ஹெல்மெட் கழலாது. அவனுக்கு முகமில்லை, ஏனென்றால் அவன் மனிதனுக்கு முன்னால் சட்டம். 1995 படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படத்தின் பெரும்பகுதி முகத்தைக் காட்டிக்கொண்டே வருகிறார். 2012 படத்தில் கார்ல் அர்பன் ஒருமுறைகூடக் கழற்றவில்லை. வாயும் தாடையும்தான் அவருக்கு மிச்சம். அதை வைத்தே ஒன்றரை மணி நேரத்தைத் தாங்குகிறார்.

வெளித்தோற்றத்தில் 1995 படமே காமிக்ஸுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நியான் மினுக்கும் மெகா சிட்டி ஒன், தங்கக் கழுகு பொறித்த தோள்கள், வில்லன்களான ஏஞ்சல் குடும்பம், அந்தப் பிரம்மாண்டமான போர் ரோபோ எல்லாம் அட்டையிலிருந்து இறங்கி வந்தவை. 2012 படத்தின் நகரம் தூசி படிந்தது. உடை பைக் ஓட்டுபவர் போடும் கவசம் மாதிரி. காமிக்ஸில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் கிண்டலும் அதில் குறைவு. ஆனாலும் ட்ரெட் அங்கேதான் இருக்கிறான். 200 மாடிக் கட்டடம் ஒன்று, பயிற்சியில் இருக்கும் ஆண்டர்சன், ஒரே நாள். முடிவில் அவனிடம் எந்த மாற்றமும் இல்லை, மனம் திருந்தும் வசனமும் இல்லை. வார இதழில் வந்த ஒரு நல்ல சிறுகதையின் அளவு அது. வசூலில் அந்தப் படம் தோற்றுப்போய் அடுத்த பாகம் வராமல் போனது எனக்கு இன்னமும் வருத்தம்.

அகிராவுக்குப் போட்டி அகிராவேதான். கட்சுஹிரோ ஒட்டோமோ 1982லிருந்து 1990 வரை வரைந்த இந்த ஜப்பானிய காமிக்ஸ் ஆறு பெரிய தொகுதிகள், 2000 பக்கத்துக்கு மேல். கதை முடிவதற்குள்ளேயே, 1988ல், அவரே அதை இரண்டு மணி நேரப் படமாக எடுத்தார். காமிக்ஸில் அகிரா உயிரோடு எழுந்து வரும் ஒரு சிறுவன், அவன் பெயரில் ஒரு சாம்ராஜ்யமே உருவாகிறது. படத்தில் அவன் விளையாட்டரங்கத்துக்கு அடியில் கண்ணாடிக் குடுவைகளில் கிடக்கும் மிச்சம் மட்டும். வேறு யாராவது இப்படி வெட்டியிருந்தால் நாங்கள் சும்மா விட்டிருக்க மாட்டோம். தன் கதையில் எது ஓட்டம், எது எலும்பு என்று தெரிந்த ஆள் வெட்டியதால் இரவு நெடுஞ்சாலையில் சிவப்பு வெளிச்சக் கோடுகளோடு பாயும் அந்த பைக்குகளில் தொகுதிகளின் வேகம் முழுசாக இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் என் வரிசை இது. அகிராவில் படத்தை முதலில் பாருங்கள். படம் தொடாத பாதி உங்களுக்காகத் தொகுதிகளில் காத்திருக்கும். ட்ரெட்டுக்கு 2012 படம் போதும், பிறகு நேராகப் பழைய இதழ்களுக்குப் போய்விடலாம். ட்யூன் நாவல், வில்நெவ், அப்புறம் லிஞ்ச். வாட்ச்மென்னுக்கு மட்டும் 12 இதழ்களையும் முடிக்காமல் திரைப் பக்கம் போகாதீர்கள். முடித்ததும் தொடரைப் பாருங்கள். பார்த்த கையோடு ஹூடட் ஜஸ்டிஸ் வரும் பக்கங்களை மறுபடி திறந்துவிடுங்கள்.