யாராவது ஒருவர் அழைத்துச் சொல்லியிருக்கலாம்

கடந்த ஆவணியில் மூன்று கிழமை ஊரில் நின்றேன். கலியாணவீடு, கோவில், காணி அலுவல் என்று போன அந்தப் பயணத்தில் எழுத வேண்டுமென்று மனதில் கிடப்பது ஒரேயொரு வியாழக்கிழமைதான். அன்று மாமாவை இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) கூட்டிக்கொண்டு போனேன்.

மாமா வன்னியில் நாற்பது வருடம் வயல் செய்தவர். சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, குடி இல்லை. ஆனாலும் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் நான்கு வருடத்துக்குள் செயலிழந்துவிட்டன. 1990களில் இலங்கையின் மதவாச்சி, பதவியாப் பக்கத்து நெல் விவசாயிகளிடம் முதலில் கவனிக்கப்பட்டு, பின்னர் வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களிலும் காணப்பட்ட இந்த நோய்க்கு, காரணம் அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் என்றே மருத்துவ உலகம் பெயர் வைத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், வயலுக்கு அடிக்கும் மருந்து, வெயிலில் தண்ணீர் குடியாமல் நாள் முழுக்க வேலை செய்வது என்று சந்தேகங்கள் பல இருந்தாலும் இதுதான் காரணம் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கிளைபோசேற் என்ற களைகொல்லியை 2015 இல் தடைசெய்து பார்த்தார்கள். 2018 இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். எல் சல்வடோர், நிக்கரகுவாக் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரியான நோய் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் வெயிலில் உடம்பை முறித்து உழைத்தவர்களைத்தான் இது பிடித்திருக்கிறது.

திங்களும் வியாழனும் மாமாவின் முறை. கிழமைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நான்கு மணித்தியாலம் என்பதுதான் பொதுவான கணக்கு. இயந்திரங்கள் போதாத காரணத்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டு. அந்த இரண்டுக்காக மாமி விடிகாலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறார். முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காது என்பதால் நான்கு மணிக்கு ஓட்டோ. போய்வர மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றால் மாதத்துக்கு எவ்வளவு வரும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் தரும் மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தப்பட்டது. அது மூன்று பயணத்துக்கும் கொஞ்சம் குறைவு.

ஐந்தரை மணிக்கு நாங்கள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாங்கில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். கிளினிக் கொப்பி வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. ஆறு மணிக்குத் திறக்க வேண்டிய கதவு ஏழாகியும் திறக்கவில்லை. ஏழே காலுக்கு ஒரு சிற்றூழியர் வந்து, தண்ணீர் சுத்திகரிக்கும் தொகுதியின் பம்பு எரிந்துவிட்டது, இன்றைக்கு நடக்குமோ தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எப்போது எரிந்தது என்று நான் அவருக்குப் பின்னாலேயே போய்க் கேட்டேன். முதல்நாள் இரவு ஏழு மணிக்காம். இயந்திரத்தில் இருந்த நான்கு பேரைப் பாதியிலேயே இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பம்பு எரிவது எந்த நாட்டிலும் நடக்கும். ஆனால் இரவு ஏழு மணியிலிருந்து விடிகாலை நான்கு மணி வரை ஒன்பது மணித்தியாலம் இருந்தது. அங்கே காத்திருந்த ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொருவருடைய இலக்கமும் இருந்தது. ஒருவர், ஒரேயொருவர், அழைத்துச் சொல்லியிருந்தால் அந்த ஏழு பேரில் ஒருவரும் இருட்டில் வெளிக்கிட்டிருக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் எங்கள் மாடியில் இருக்கும் ஒரு முதியவர் வருடக்கணக்காக இந்தச் சிகிச்சை எடுக்கிறார். பனி கொட்டி வீதி மூடும் நாளில் அவரை முதல்நாளே அழைத்து நேரத்தை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அங்கே அதை ஒரு சேவையென்று யாரும் எண்ணுவதில்லை.

தவறிப்போனால் அடுத்த முறைக்கு வரலாமே என்று தெரியாதவர்கள் கேட்கக்கூடும். மாமாவின் உடம்பில் தண்ணீர் சேராதபோது இருக்க வேண்டிய எடை ஐம்பத்திரண்டு கிலோ. அன்று காலை தராசு ஐம்பத்தைந்தரை காட்டியது. கூடுதலான அந்த மூன்றரைக் கிலோவும் வெளியேற வழியில்லாத தண்ணீர். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அதைவிடப் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் பொற்றாசியம், அது எல்லை மீறினால் இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். அதனால்தான் அவருக்கு இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை. ஆவணி வெயிலில் ஒரு நாள் முழுவதற்கும் அரை லீற்றர்ப் போத்தல் தண்ணீர்தான். மாமி அதைக் காலையில் நிரப்பி மேசையில் வைப்பார்; மாமா ஒவ்வொரு மிடறுக்கும் பிறகு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். ஊருக்குப் போனால் கிணற்றடியில் நின்று செம்பு செம்பாகக் குடித்த ஞாபகம் எனக்கு. அந்தக் கிணற்றை இப்போது குளிக்க மட்டும்தான் பாவிக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர், சந்தியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கானில் வருகிறது.

அந்த மனிதருக்குக் குடிக்க அரை லீற்றர்; அவருடைய இரத்தத்தைக் கழுவவோ ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லீற்றர் சுத்தமான கரைசல் வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணித்தியாலம் அது ஓடுகிறது. குடிக்கும் தண்ணீரில் இருக்கும் அழுக்கைக் குடல் ஓரளவு தடுத்துக்கொள்ளும். இங்கே தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான் இருக்கிறது, ஆகவே கல்சியமோ குளோரினோ கிருமியோ கலந்த தண்ணீரை உள்ளே விட முடியாது. தொகுதி நின்றால் எல்லா இயந்திரங்களும் நிற்கும். இதைத் தெரிந்து வைத்திருந்தும் மேலதிகமாக ஒரு பம்பை வாங்கி வைக்காதது பெரிய பிழையென்றே நினைக்கிறேன். பொலன்னறுவையில் சீன அரசாங்கத்தின் நன்கொடையில் கட்டப்பட்ட பெரிய சிறுநீரக வைத்தியசாலை 2021 இல் திறக்கப்பட்டது. அது மிகவும் வேண்டிய ஒன்று. கட்டடம் திறக்க ஆட்கள் வருவார்கள், பம்பு வாங்க யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

எட்டரை மணிக்குப் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன். திறந்த தாதிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்: "பம்பு இரவே எரிஞ்சது தெரியும்தானே மிஸ், ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவர் கோபப்படவில்லை. "அக்கா, இந்த யூனிற்றில இருக்கிற லைனிலயிருந்து வெளிய எடுக்கேலாது. நாங்கள் எங்கட சொந்தப் போனிலதான் எடுக்கிறது. இரவு டியூட்டியில நின்றது ஒராள். இடையில இறக்கின நாலு பேரையும் பார்க்கவே அவவுக்கு விடிஞ்சு போச்சு" என்றார். பிறகு மேசையில் இருந்த தன்னுடைய போனைத் தூக்கிக் காட்டினார். பதிவுப் புத்தகம் திறந்தபடி கிடந்தது; பின்னேர முறைக்கு வர வேண்டியவர்களின் பெயர்களுக்கு நேரே பேனையால் சரி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக அவர் அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய காசில், அவருடைய போனில்.

எனக்கு நின்ற இடத்தில் பேச்சு வரவில்லை. 2022 இல் மருந்துக்கே நாடு திண்டாடிய நாட்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் இந்த இடங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். மாமாவின் சிகிச்சைக்கு ஒரு சதமும் யாரும் கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்; காசு முடிந்ததும் சிகிச்சையை நிறுத்திவிட்டு வீட்டில் போய்ப் படுக்கும் நோயாளிகள் ஏழை நாடுகள் எங்கும் இருக்கிறார்கள். இவ்வளவு செலவை இலவசமாகத் தரும் ஓர் அரசு, வெளியே அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி இணைப்பை ஏன் தரக்கூடாது? இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருத்துபவர் பதினொரு மணிக்கு வந்தார். முதல் இயந்திரம் ஒன்றே முக்காலுக்கு ஓடியது. மாமாவின் முறை நாலரைக்கு வந்தது, அதுவும் நான்குக்குப் பதிலாக மூன்று மணித்தியாலம், எல்லோருக்கும் பங்கு வர வேண்டும் என்பதால். காத்திருந்த நேரத்தில் அவர் இடக்கையை என் மடியில் வைத்து, "தொட்டுப் பார் பிள்ளை" என்றார். இயந்திரத்துக்கு இரத்தம் எடுப்பதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்த இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. விரல் வைத்தபோது, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் குழாயை மோட்டார் ஓடும்போது தொட்டால் எப்படி அதிருமோ அப்படி அதிர்ந்தது. "இது ஓடுற வரைக்கும் எனக்குப் பயமில்லை" என்றார்.

வெளிக்கிட முன்னர் அந்தத் தாதியிடம் பதிவுப் புத்தகத்தைக் காட்டும்படி கேட்டேன். மாமாவின் பெயருக்கு எதிரே இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு கட்டாருக்குப் போய்விட்ட மச்சானின் பழைய இலக்கம். அதை வெட்டிவிட்டு மாமியின் இலக்கத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு மாமியின் போன் அடித்தது. அதே தாதியின் குரல். மற்றப் பம்பையும் மாற்றுகிறார்களாம், காலை முறை இல்லை, பதினொரு மணிக்கு வந்தால் போதுமாம். பேசி முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாமி, "சரி மோள், சரி மோள்" என்று சொல்லி வைத்துவிட்டு, மூன்று மணிக்கு வைத்திருந்த அலாரத்தை நிறுத்தினார்.